பதிவேட்டில் ஒரு சொல்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பங்கு அலுவலகத்தில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து காத்திருந்தார். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். தாமும் அங்கே செல்லவிருப்பதால் திருமணச் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே மந்திரித்த திருமணம் அது. பதிவேட்டை எடுத்து, உரிய பக்கத்தைத் திறந்து, மேசைமீது வைத்து எழுதத் தொடங்கினேன்.

அவர் எழுந்து வந்து, குழந்தையைத் தோளில் சாய்த்தபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தம் பெயர், தந்தையின் பெயர், அதையடுத்துத் 'தொழில்' என்று அச்சிட்ட ஒரு கட்டம். அதில் என் கையெழுத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது.

"சாமி, எங்கப்பா கொத்தனாரு. நம்ம கோயில் முகப்பு வளைவை அவங்கதான் கட்டினாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஏதேனும் ஒரு மறுமொழி கிடைத்திருக்கும்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வளைவின் கீழாகத்தான் நாள்தோறும் திருப்பலிக்குச் செல்கிறேன். அதைக் கட்டியவர் ரசமட்டமும் தூக்குக்குண்டுமாகச் சாரத்தில் நின்றதை, கரணையின் நுனியால் கலவையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கல்லையும் அமர்த்தியதை, ஒரு கல் விரற்கடை விலகினாலும் பெயர்த்து எடுத்து மறுபடியும் வைத்ததை, நான் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தவன். அப்படியிருந்தும், அவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் கூலி என்று எழுதியிருக்கிறேன். உபதேசியார் நிரப்பித் தந்த தாளில் அப்படி இருந்தது, பார்த்து எழுதினேன். அவ்வளவுதான் என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஏற்கவில்லை.

மறுநாள் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். திருமணப் பதிவேட்டில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதை 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1121-ஆம் சட்டம் கூறுகிறது. மணமக்களின் பெயர், திருமணத்தை நடத்தி வைத்தவர், சாட்சிகள், இடம், நாள் ஆகியவற்றையே அது கேட்கிறது. தந்தையின் தொழிலை அது கேட்கவில்லை. அந்தக் கட்டம் எங்கள் வழக்கத்தில் வந்து சேர்ந்தது. திருச்சபை கேட்காத ஒரு கேள்வியை நாமே கேட்டுவிட்டு, அதற்கு விடையையும் கவனமின்றி நாமே எழுதிக்கொள்கிறோம்.

அந்த வாரம் முழுவதும் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆசிரியர் என்றால் 'ஆசிரியர்' என்று இருக்கிறது. வங்கியில் பணிபுரிபவர் என்றால் எந்த வங்கி என்பதுகூட இருக்கிறது. ஆனால் கொத்தனார், தச்சர், கிணறு வெட்டுபவர், கல் உடைப்பவர், வலை பின்னுபவர் ஆகிய அனைவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்: கூலி. பல ஆண்டுப் பயிற்சியால் கையில் ஏறிய அறிவுகள் அத்தனையும் இரண்டெழுத்தில் மறைந்துவிட்டன.

நம் பேச்சுவழக்கிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. மேல்படியில் உத்தியோகம். அதற்குக் கீழே வேலை. அதற்கும் கீழே கூலி. உத்தியோகம் என்னும் வடசொல்லுக்கு முயற்சி என்பதே அடிப்படைப் பொருள். அந்தப் பொருளில் பார்த்தால், நண்பகல் வெயிலில் கல் உடைப்பவரைக் காட்டிலும் பெரிய உத்தியோகஸ்தர் யாருமில்லை. கூலி என்பதோ ஒருவர் பெறுகின்ற ஊதியத்தின் பெயர். அவர் செய்வதன் பெயர் அன்று. ஊதியத்தின் பெயரை எடுத்து மனிதருக்கே சூட்டிவிட்டோம். 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளராக அதில் சென்ற நம் மக்களை அங்கிருந்தவர்கள் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். உழவரும் கைவினைஞரும் ஏறிச் சென்ற கப்பலிலிருந்து, கரையில் இறங்கியபோது அனைவரும் கூலிகளாகவே எண்ணப்பட்டார்கள். தொலைவில் நடந்த அநீதி என்று அதைப் பலமுறை மேடையில் பேசியிருக்கிறேன். அதே சொல்லை என் கையாலேயே என் பங்கு மக்களுக்கு எழுதியிருக்கிறேன் என்பது, ஒரு பெண் குழந்தையோடு வந்து சுட்டிக்காட்டிய பின்புதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கட்டத்தின் தலையில் அச்சாகியிருந்த 'தொழில்' என்னும் சொல்லை அதன்பின் பல நாள்கள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தொழில் என்றதும் இன்று நமக்குப் பிழைப்பு, வணிகம், தொழிற்சாலை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லின் வீடு இதைவிடப் பெரியது. செயல் எதுவாயினும் அது தொழில். பள்ளியில் நாம் படித்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். நடத்தல், கொடுத்தல், மன்னித்தல் ஆகியவை தொழிற்பெயர்கள். கூலி வாங்கிக்கொண்டு யாரும் மன்னிப்பதில்லை. ஆயினும் மன்னித்தல் ஒரு தொழில். படைத்தலையும் காத்தலையும் அழித்தலையும் இறைவனின் முத்தொழில் என்று நம் நாட்டுச் சமயங்கள் கூறின. இறைவனுக்குத் தொழில் உண்டு என்று சொல்லத் தமிழ் கூசவில்லை. தம் தந்தை இன்றும் செயலாற்றிக்கொண்டிருப்பதாகவும், ஆகவே தாமும் செயலாற்றுவதாகவும் நம் ஆண்டவர் ஓய்வுநாளன்று கூறியதை (யோவா 5:17) வாசிக்கும் தமிழருக்கு அது வியப்பாக இராது.

பிறப்பால் மக்கள் அனைவரும் ஒப்பர் என்று தொடங்கும் 972-ஆம் குறளிலும் 'செய்தொழில்' என்று வருகிறது. வேலைகளை உயர்ந்தது, தாழ்ந்தது என்று அடுக்க அந்தக் குறளைத் துணைக்கு அழைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தொழில் என்றால் செயல் என்ற பழம்பொருளில் வாசித்தால், ஒருவர் என்ன பிழைப்பில் இருக்கிறார் என்பதைவிட அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அங்கே எடைபோடப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, இச்சொல்லின் அக்கம்பக்கத்தைப் பார்ப்போம். ஒலி ஒன்றுபோல் இருப்பதால் மட்டும் வேரும் ஒன்றாகிவிடாது என்று குருமடத்தில் எங்களுக்குத் தமிழ் கற்பித்தவர் எச்சரிப்பதுண்டு. ஆகவே வேரைத் தோண்டுவதை விட்டு, சொற்கள் வழங்கும் இடங்களைக் காண்பதே நல்லது. தொழுதல் என்றால் வணங்குதல். ஆனால் புறநானூற்றின் 24-ஆம் பாடல், நெல் அறுப்பவர்களைத் தொழுவர் என்று அழைக்கிறது. கைகூப்புபவரும் தொழுவர், கதிர் அறுப்பவரும் தொழுவர். தொழும்பு என்றால் அடிமைத்தனம். இறைவனுக்குச் செய்யும் தொண்டையும் அதே சொல் குறிக்கும். மாடுகள் கட்டும் இடம் தொழுவம். நம் ஆண்டவர் பிறந்த இடத்துக்கு நாம் இட்டு வழங்கும் பெயர் அது. குற்றவாளியின் கால்களை மாட்டி வைக்கும் கட்டை தொழுமரம்; பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் அடைபட்ட இடத்தில் (திப 16:24) விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று இச்சொல்லையே வைத்திருக்கிறது.

வழிபாடும் வயல்வேலையும், தொண்டும் அடிமைத்தனமும், தொழுவமும் தொழுமரமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. மனிதரின் உழைப்பு இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் போகலாம் என்று மொழியே நமக்குக் காட்டித் தருவதுபோல் இருக்கிறது.

குருமடத்தில் எபிரேயம் படித்தபோது இதற்கு இணையான ஒன்றைக் கண்டிருந்தேன்; அன்று அதன் ஆழம் புரியவில்லை. எபிரேயத்தில் 'அவத்' என்றொரு வினை உண்டு. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'அவோதா'. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் கடவுள் மனிதரை அதில் வைத்தார் என்னும் இடத்தில் (தொநூ 2:15) பண்படுத்துதலைக் குறிப்பது அந்த வினை. எகிப்தில் இஸ்ரயேலர் சுமந்த கொடிய அடிமை வேலையைக் குறிப்பதும் (விப 1:14) அதே சொல். மக்களை அழைத்து வந்து இந்த மலையில் என்னை வழிபடுவீர்கள் என்று கடவுள் மோசேயிடம் கூறும்போது (விப 3:12) வழிபாட்டைக் குறிப்பதும் அதுவே. பின்னர்க் கூடாரத்தில் லேவியர் ஆற்றிய திருப்பணிக்கும் அதுதான் பெயர்.

அப்படியானால் விடுதலைப் பயணம் என்னும் நூல் முழுவதையும் ஒரு சொல்லின் பயணமாகவே வாசிக்கலாம். பார்வோனுக்குச் செய்த அவோதாவிலிருந்து ஆண்டவருக்குச் செய்யும் அவோதாவை நோக்கி மக்கள் நடக்கிறார்கள். செங்கல் அறுத்த கைகள் அவையே; பின்னர்க் கூடாரத்தை அமைத்த கைகளும் அவையே. அந்தக் கூடாரத்தின் வேலைக்காகப் பெட்சலேல் என்னும் கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யும் திறனுக்காக, கடவுள் அவரைத் தம் ஆவியால் நிரப்பினார் (விப 31:1-5). அரசரும் இறைவாக்கினரும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தூய ஆவியின் கொடை ஒரு கைவினைஞரின் விரல்களில் இறங்கியிருக்கிறது.

இதையெல்லாம் மறையுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாள்களில், வேறொரு தாள் என் நினைவுக்கு வந்தது. அதை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை.

என் தந்தை பனையேறி. தென்மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றில், பருவகாலம் வந்துவிட்டால் காலையும் மாலையுமாக நாற்பது மரங்கள் ஏறி இறங்குவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி, கால்களில் நார்த்தளை. உச்சியில் ஒரு மட்டையை அணைத்து நின்றுகொண்டு பாளையின் நுனியை மெல்லிய தகடாகச் சீவுவார். சற்று ஆழமாகச் சீவினால் பாளை வீணாகும்; சீவல் குறைந்தால் பதநீர் சொட்டாது. அந்த அளவை எந்தக் கருவியாலும் அறிய முடியாது; கை அறியும். கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பின் அளவையும் அப்படியே. கீழே விடிலியில் என் தாய் பதநீரைக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார். நான் படித்தது அந்தக் கருப்பட்டியில்.

முதல் மரத்தில் ஏறுமுன் தந்தை அடிமரத்தை வலக்கையால் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைவார். ஒருநாளும் தவறியதில்லை. தொழுதபின் ஏறுவார். தொழிலுக்கும் தொழுகைக்கும் இடையே அவர் வைத்திருந்த இடைவெளி அவ்வளவுதான்.

1980-களின் இறுதியில் இளங்குருமடத்தில் சேர விண்ணப்பித்தேன். அந்த விண்ணப்பத்திலும் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. பனையேறி என்பது எங்கள் பள்ளியில் வசைச்சொல்லாக வழங்கியது. நான் சிறிது நேரம் யோசித்தேன். பிறகு 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு செண்டு வயலும் இல்லை. என் அழைத்தலின் முதல் தாளில் நான் எழுதிய முதல் பொய் அது.

பெற்றோர் நாளில் தந்தை குருமடத்துக்கு வருவார். எவ்வளவு வெயிலாயினும் சட்டையின் மேற்பொத்தான்வரை போட்டுக்கொண்டே அமர்ந்திருப்பார். மரத்தை அணைத்து அணைத்துப் பனையேறியின் மார்பு காய்த்துக் கறுத்திருக்கும். அந்தக் காய்ப்பைப் பிறர் பார்த்தால் மகனுக்கு இழிவு என்று அவர் எண்ணியிருக்கிறார். விண்ணப்பத்தில் நான் என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் என் முகத்தில் எழுதியிருந்ததை அவர் படித்துவிட்டார் போலும். இன்று அவர் இல்லை. குருப்பட்ட நாளில் ஆயர் என் கைகளில் பூசிய தைலத்தை நினைக்கும்போதெல்லாம், எந்தத் தைலமும் பூசப்படாமலேயே காய்த்திருந்த அந்த மார்பு என் கண்முன் வருகிறது.

கொத்தனாருக்குக் கூலி என்று எழுதிய கைதான் தந்தைக்கு விவசாயம் என்று எழுதிய கை. ஒன்று கவனக்குறைவு, மற்றொன்று வெட்கம் என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் கையால் செய்யும் வேலை, எழுதிவைக்கத் தகுதியான ஒன்றல்ல என்னும் எண்ணம் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

இந்த எண்ணம் நாசரேத்திலும் இருந்தது. ஆண்டவர் தம் சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் கற்பித்தபோது, கேட்டவர்கள் வியந்தார்கள். உடனே அவருடைய தொழிலைச் சொல்லி அவரை இறக்கினார்கள் (மாற் 6:3). மத்தேயு நற்செய்தியில் அது அவருடைய தந்தையின் தொழிலாக வருகிறது (மத் 13:55). அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'தெக்தோன்'. மரவேலை செய்பவரையும் கட்டட வேலை செய்பவரையும் அது குறிக்கும். வடமொழியில் 'தக்ஷன்' என்று தச்சரைக் குறிக்கும் சொல் இதற்கு உடன்பிறப்பு. அவ்வழியே நம் 'தச்சன்' என்னும் சொல்லும் அதற்கு உறவாகிறது. நாசரேத்துக்காரர்கள் ஏளனமாக உரைத்த சொல்லின் உறவுச்சொல்லை நம் ஊர்த் தச்சர் தெருவில் இன்றும் கேட்கிறோம்.

நாசரேத்துக்காரர்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தச்சரே. தொழிலைச் சரியாகச் சொன்னார்கள்; சொன்ன விதத்தில் குற்றம் இருந்தது. நான் தொழிலையே சொல்லாமல் விட்டேன். இரண்டில் எது பெரிய பிழை என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

சீராக்கின் ஞானநூலில் ஒரு பகுதி உண்டு (சீஞா 38:24-34). உழவர், முத்திரை செதுக்குபவர், உலைக்களத்துக் கொல்லர், சக்கரத்தின் முன் அமர்ந்த குயவர் என்று ஒவ்வொருவராக அந்த ஞானி வருணிக்கிறார். இவர்கள் இன்றி எந்த நகரும் நிலைக்காது என்கிறார். ஆயினும் மன்றத்தில் இவர்களை யாரும் நாடுவதில்லை, நீதி இருக்கையில் இவர்கள் அமர்வதில்லை என்றும் சொல்கிறார். அவர் ஏட்டறிவாளர்; தம் வகுப்பாரை உயர்த்தவே அப்பகுதியைத் தொடங்குகிறார். ஆனால் முடிக்கும்போது, அவர்கள் செய்யும் தொழிலே அவர்களின் மன்றாட்டு என்னும் கருத்தில் வந்து நிற்கிறார். ஏட்டறிவு பெற்றவரும் நேர்மையாக உற்றுப் பார்த்தால் அங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

தொழிலைப் போற்றுகிறோம் என்ற பெயரில் வேறொரு தீங்கும் நடந்திருப்பதை இங்கே மறக்கலாகாது. 'தொழில்' என்னும் சொல்லின் முன்னால் 'குலம்' என்பதைச் சேர்த்தவுடன் தொழில் தொழுமரமாகிவிடுகிறது. சென்னை மாநிலத்தில் 1953-ஆம் ஆண்டு ஒரு கல்வித் திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் தொழிலை இழிவாக எண்ணி எதிர்க்கவில்லை. தச்சரின் மகன் தச்சராகவே இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயத்தையே எதிர்த்தார்கள். என் தந்தையும் அப்படித்தான். இந்த மரம் என்னோடு போகட்டும் என்பார். ஆனால் புதிய பாளைக்குக் கத்தி வைக்கும் நாளில் அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்திருக்கிறேன். தொழிலை நேசித்தார், அந்தத் தொழிலால் வந்த இழிவைப் பிள்ளைக்கு விட்டுச்செல்ல மறுத்தார். இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

ஆகவே தொழிலின் மாண்பை வேலையில் தேடினால் வழி தவறிவிடுவோம்; அதைச் செய்பவரில் தேட வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலின் மையம் இதுவே. எந்த வகை வேலை என்பது முதன்மையானதன்று, செய்பவர் மனிதர் என்பதே அதன் மதிப்புக்கு அடிப்படை என்று அவர் கற்பித்தார். அவர் அதை நூலகத்தில் மட்டும் கற்கவில்லை. போர்க்காலத்தில், 1940 முதல் 1944 வரை, போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் கற்சுரங்கத்திலும் பின்னர் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்தவர். திருத்தூதர் பவுலும் கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தொழிலால் தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். அத்தொழிலே அவரை அக்கில்லாவின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது (திப 18:3). பிலிப்பியில் தொழுமரத்தில் மாட்டப்பட்டவர், இரண்டு அதிகாரங்கள் கடந்து, ஊசியும் நூலுமாகத் தொழில் செய்துகொண்டு அமர்ந்திருக்கிறார்.

பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. ஓரத்தில் குறிப்பெழுதி, நாளிட்டு, கையொப்பமிட வேண்டும். அப்படிக் குறிப்பெழுத உட்கார்ந்தபோது எந்தச் சொல்லை எழுதுவது என்று தயங்கினேன். கொத்தனார் என்று எழுதலாம், சரியான சொல். ஆனால் ஊரில் அவரை எல்லாரும் மேஸ்திரி என்றே அழைக்கிறார்கள். அவர்கீழ் நான்கு கொத்தனார்களும் ஏழெட்டுச் சித்தாள்களும் வேலை செய்கிறார்கள்.

மேஸ்திரி என்னும் சொல், சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவற்றைப்போலப் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அவர்கள் மொழியில் 'மெஸ்த்ரே'. தொழிலில் தேர்ந்தவர், கற்பிப்பவர் என்று பொருள். அதன் தாய் இலத்தீன் மொழியின் 'மாஜிஸ்தர்', ஆசிரியர், தலைவர். இலத்தீன் விவிலியத்தில் இச்சொல்லை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். உயிர்ப்பு நாள் காலையில், கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா அழுதுகொண்டு நிற்கிறார். பின்னால் நிற்பவரைப் பார்க்கிறார். தோட்டக்காரர் என்று எண்ணுகிறார் (யோவா 20:15). அவர் பெயர் சொல்லி அழைத்ததும் திரும்பி, "ரபூனி" என்கிறார். அதற்கு இலத்தீன் தரும் விளக்கம்: மாஜிஸ்தர்.

ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணியதற்காக மரியாவை நாம் குறைகூறுவதுண்டு. கண்ணீர் கண்ணை மறைத்தது என்று நானும் மறையுரையில் சொல்லியிருக்கிறேன். உயிர்த்த ஆண்டவரைப் பார்த்தபோது ஓர் உழைப்பாளியாக அவர் தெரிந்தார் என்பது அந்தக் காட்சியின் குறையே அல்ல என்று இப்போது எண்ணுகிறேன். நாம் அன்றாடம் கடந்துபோகும் உழைப்பாளியைப் பெயர் சொல்லிப் பார்க்கவும், அவரில் ஓர் ஆசிரியரைக் காணவும் நமக்குத்தான் இன்னும் கண் திறக்கவில்லை.

ஓரத்தில் 'கட்டட மேஸ்திரி' என்று எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டேன். சான்றிதழிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். இனிவரும் திருமணங்களில் அந்தக் கட்டத்தைக் கேட்டு நிரப்புவது என் வேலை, உபதேசியாருடையது அன்று என்றும் முடிவு செய்துகொண்டேன். கேட்கும்போது சிலர் இன்றும் தாங்களாகவே கூலி என்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மறுபடியும் கேட்டால், சற்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்குகிறார்கள். சிலருக்கு அது பத்து நிமிடம் பிடிக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் மேஸ்திரியை அலுவலகத்துக்கு அழைத்தேன். பதிவேட்டைத் திறந்து காட்டி, "தப்பா எழுதிட்டேன் மேஸ்திரி, மன்னிச்சுக்கணும்" என்றேன். அவர் குனிந்து, விரலை வரியின்மேல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "இருக்கட்டும் சாமி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வாசல்வரை போனவர் நின்று, அண்ணாந்து வளைவைப் பார்த்தார். "வடக்குப் பக்கம் ஈரம் ஏறுது சாமி. பூச்சு உதிர ஆரம்பிச்சிருக்கு. மழைக்கு முன்னால ஒருநாள் வந்து பார்த்துடுறேன்" என்றார்.

நாள்தோறும் அதன் கீழே போய்வருகிற என் கண்ணில் அந்த ஈரம் அதுவரை படவேயில்லை.